யார் உரைத்த வாசகம்?

கம்பம் பள்ளத்தாக்கிலே முல்லைப் பெரியாற்று நீரால் வளம்பெற்ற ஊர்களுள் காமயகவுண்டன்பட்டியும் ஒன்று. திராட்சைப் பந்தல்களுக்கும், தேச விடுதலையின் பொருட்டுச் சிறை புகுந்த தியாகிகளுக்கும், காந்தியடிகளுக்கெனக் கட்டப்பெற்ற கோயிலுக்கும் அவ்வூர் பெயர்பெற்றது. அங்கே 1986-ஆம் ஆண்டு முதலாக இருவர் மாத்திரம் ஆடிவந்த ஓர் ஆட்டத்தைக் குறித்தே ஈண்டு எழுதத் துணிகின்றேன். அவ்விருவருள் ஒருவன் யான். மற்றவர் என் பெரியப்பாவின் மூத்த புதல்வர். என்னினும் ஐந்தாண்டு பெரியவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தோட்டத்தில் இறங்கியவர். அவரை யான் அண்ணன் என்றே குறிப்பேன். உடன்பிறந்தார் எனக்கு இல்லையாதலின், அச்சொல்லுக்கு வேறு பொருள் யான் அறிந்ததுமில்லை.

ஆட்டம் யாதெனின், ஒருவர் ஒரு வாசகத்தைச் சொல்லுதல். மற்றவர் அதனை உரைத்தவர் யார், யாரிடம் உரைத்தார், எந்தக் கதையில் உரைத்தார் என்னும் மூன்றனையும் விடுத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. விடை தவறின் அப்புள்ளி கேட்டவரைச் சேரும். திரைப்பட வசனங்களை வைத்துக்கொண்டு இவ்வாறு விளையாடாத தமிழ்ப் பிள்ளைகள் அந்நாளில் அரியர். 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியையும், 'வீரபாண்டிய கட்டபொம்ம'னில் வரி கேட்ட துரைக்கு அளித்த மறுமொழியையும், 'திருவிளையாட'லில் தருமி புலம்பியதையும் ஒலிநாடாவிற் கேட்டுக் கேட்டு உருப்போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருந்தனர். எங்கள் ஆட்டமோ அதனின் வேறானது. யாங்கள் எடுத்துக்கொண்டது 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்க விஞ்ஞானக் கற்பனைத் தொடர்.

அஃது எங்ஙனம் எங்கள் ஊருக்கு வந்தது என்பதைச் சொல்லவேண்டும். அத்தொடர் அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கி, 1969-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் முடிவுற்றது. மூன்று பருவங்கள், 79 கதைகள். நம் நாட்டில் 1980-களில் தூர்தர்ஷன் அதனைச் சிலகாலம் காட்டியதுண்டு. யாங்கள் கண்டது அவ்வழியாலன்று. சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியம்மாவின் தம்பியார் ஊருக்கு வந்தபோது, 'டெக்' என்று எங்கள் ஊரார் வழங்கும் பொறியொன்றும், ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளும் கொணர்ந்தார். தமிழ்ப்படங்கள் இருக்குமென்று கூடிய உற்றாரும் அயலாரும், கூர்ஞ்செவியுடைய ஒருவன் முகஞ்சுளியாது ஆங்கிலம் பேசுவதைக் கண்டு, அரைமணியில் எழுந்து போயினர். அண்ணனும் யானுமே எஞ்சினோம். எங்களுக்கும் முதற்கண் ஒன்றும் விளங்கவில்லை. கதையொன்றை ஆறேழு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தபின்பே சொற்கள் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து நின்றன. அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் தராத ஆங்கிலத்தைத் தந்தவர்கள் காப்டன் கிர்க்கும், ஸ்பாக்கும், டாக்டர் மக்காயுமே ஆவர்.

பன்னீர் திராட்சையைப் பற்றி அறியாதார்க்கு ஒரு சொல். எங்கள் பகுதியில் அது குறித்த ஒரு பருவத்தில் மாத்திரம் காய்த்து ஓய்வதன்று. கவாத்துச் செய்யும் காலத்தை முன்பின்னாக மாற்றி ஆண்டு முழுவதும் பழம் எடுப்பர். கவாத்துக்கும் அறுவடைக்கும் இடையே ஏறத்தாழ நான்கு திங்கள். பழம் கறுக்கத் தொடங்கினால் இரவிற் காவல் இருந்தே ஆகவேண்டும். வௌவாலுக்கும் பந்தல் தெரியும், திருடனுக்கும் தெரியும். காவற்குடிசையிற் படுத்துக்கொண்டு, பந்தலின் இடைவெளியிலே தெரியும் விண்மீன்களைப் பார்த்தவாறே யாங்கள் ஆடுவோம். புள்ளிகளை அண்ணன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் வாங்கிய கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திற் குறித்து வைப்பார். முன்பக்கத்திலே கடன், பின்பக்கத்திலே விண்வெளி.

இவ்வாட்டத்தில் எளிய வினாவும் உண்டு, அரிய வினாவும் உண்டு. ஒருவன் இறந்துபட்டான் என்று தலைவனிடம் அறிவிப்பவர் யார் என்றால், டாக்டர் என்று குழந்தையும் கூறும். ஆனால் எந்தக் கதையில் என்பதுதான் இடர், அவர் அங்ஙனம் அறிவித்த கதைகள் பலவாதலின். பேர்பெற்ற வாசகமே பெரும்பாலும் ஏமாற்றும். தம்மைக் கலத்துக்கு ஏற்றிக்கொள்ளுமாறு பொறியாளர் ஸ்காட்டியைக் கிர்க் வேண்டுவதாக ஒரு சொற்றொடர் உலகெங்கும் வழங்குகின்றது. சட்டைகளிலும் வண்டிகளின் பின்புறத்திலும் அச்சிட்டுள்ளனர். அந்தச் சொற்கள் அந்த ஒழுங்கில் அந்த 79 கதைகளுள் எங்குமே வரவில்லை! ஷெர்லாக் ஹோம்ஸ் தம் நண்பர் வாட்சனை நோக்கிக் கூறியதாக யாவரும் கூறும் சொற்றொடரும் கோனன் டாயிலின் கதைகளில் அவ்வடிவில் இல்லையென்பது ஆங்கிலம் பயில்வோர் அறிந்ததே. ஊரறிந்த வாசகம் நூலில் இல்லாதிருத்தலும், நூலில் உள்ளதை ஊர் அறியாதிருத்தலும் இயல்பு போலும்.

அண்ணன் கேட்ட வினாக்களுள் ஒன்றை இன்றும் மறந்திலேன். 1968-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள் ஒளிபரப்பான கதையொன்றில், பழைய ரோமாபுரியைப் போன்றதோர் உலகத்துக்குக் கலத்தவர் செல்கின்றனர். அங்கே ஒடுக்கப்பட்ட அடிமைகள் சிலர் சூரியனை வழிபடுவதாகச் சொல்லுகின்றனர். சூரிய வணக்கம் செய்வோரிடத்து இத்துணை அன்பும் அகிம்சையும் எங்ஙனம் தோன்றின என்று ஆண்மக்கள் மூவரும் வியந்து நிற்க, அவ்வுலகத்தின் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், அவர்கள் சொல்வது வானத்துச் சூரியனையன்று, தேவகுமாரனையே என்று விளக்குகின்றார். ஆங்கிலத்தில் சூரியனுக்கும் குமாரனுக்கும் ஓசை ஒன்று; எழுத்தே வேறு. அதனை உரைத்தவர் யார்? ஸ்பாக் என்றேன், இல்லை. கிர்க் என்றேன், இல்லை. செய்தித் தொடர்பு அதிகாரியாகிய உஹூரா என்னும் கறுப்பினப் பெண்மணியே அவர். “செவிசாய்ப்பதே அந்த அம்மாவின் வேலை, தம்பி. கேட்டவளுக்குத்தானே தெரியும்?” என்றார் அண்ணன். திருச்சபைப் பள்ளியில் வேதபாடத் தேர்வில் இருமுறை பரிசு பெற்ற யான் நாணமுற்றேன். அவரோ அய்யனார் கோயிலுக்குப் பொங்கல் வைப்பவர்.

நிற்க. இதனை வீண்பொழுது என்று கருதும் அன்பர்கள் நம் சஞ்சிகையின் வாசகருள் இருத்தல் கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். சீவகசிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை வரைந்தபோது, பழநூல்களினின்றும் எண்ணிறந்த மேற்கோள்களை எடுத்தாண்டார். அவற்றுட் பலவற்றுக்கு நூற்பெயர் கூறினாரில்லை, பிறரும் அங்ஙனம் கூறினர் என்ற அளவிலே விடுத்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் அந்நூலைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, எந்த அடி எந்த நூலுக்குரியது என்று ஏடு ஏடாகத் தேடினார்கள். அத்தேட்டத்திலேதான் சங்கநூல்கள் பல அவர்கள் கண்ணிற்பட்டன. 1887-இல் சிந்தாமணியும், 1889-இல் பத்துப்பாட்டும், 1894-இல் புறநானூறும் வெளிவந்தன. யார் உரைத்தது, எங்கே உரைத்தது என்னும் வினா இல்லையாயின் நமக்கு அந்த நூல்கள் வந்திரா, அல்லது மிகப் பிந்தி வந்திருக்கும். மேனாட்டிலும் இத்தொடரின் அன்பர்கள் அத்தகைய உழைப்பு உழைத்தனர். தொடர் நின்றுபோகும் என்ற செய்தி பரவியபோது கடித இயக்கம் நடத்தி மூன்றாம் பருவத்தைப் பெற முன்னின்றவருள் ஒருவராகிய பீஜோ டிரிம்பிள் என்னும் அம்மையார், வேதாகமத்துக்கு ஒத்தவாக்கிய அகராதி இருப்பது போல இத்தொடருக்கும் ஒன்றை 1969-இல் வெளியிட்டார். எங்களிடம் அஃது இல்லை. எங்களுக்கு அண்ணனின் நினைவே அகராதி.

1988-ஆம் ஆண்டில் யான் மதுரைக்கு வந்து விடுதி மாணவனானேன். ஆட்டம் அஞ்சலட்டைக்கு மாறியது. ஓர் அட்டைக்கு ஒரு வாசகம். ஆங்கில வாசகத்தைத் தமிழ் எழுத்திலே எழுதுவது எங்கள் வழக்கம். எழுத்துக்கூட்டற் பிழைக்கு அஞ்சி அண்ணன் தொடங்கியது அது. தபாற்காரர் அவற்றை வாய்விட்டுப் படித்துவிட்டு, மருமம் ஏதேனும் உண்டோ என்று பெரியப்பாவைக் கேட்டாராம்.

கல்லூரிப் படிப்பு எனக்கு ஒருமுறை கைகொடுத்தது. இத்தொடரின் கதைத்தலைப்புகள் சில ஷேக்ஸ்பியரின் அடிகளிலிருந்து எடுக்கப்பெற்றவை. 'ஆல் அவர் எஸ்டர்டேஸ்' என்ற தலைப்பு எவர் கூறிய சொல் என்று எழுதிக் கேட்டேன். கதைக்குள்ளே தேடித் தேடி இளைத்த அண்ணனுக்கு, மாக்பெத்து மன்னன் தன் மனைவி இறந்தமை கேட்டுக் கூறியது என்று விடை எழுதினேன். அவர் சினந்திலர். கம்பம் நூலகத்தில் மாக்பெத்து கிடைக்குமா என்று மாத்திரம் கேட்டிருந்தார். நேர்மையாக யான் பெற்ற வெற்றிகளுள் அதுவே பெரிது. மற்றெல்லாம் தோல்வியே. 1990-ஆம் ஆண்டின் இறுதியில் நோட்டுக் கணக்குப்படி அவர் என்னை 100 புள்ளிகளுக்கு மேல் முந்தியிருந்தார். பட்டப்படிப்புப் படிப்பவன் யான், மருந்தடிப்பவர் அவர். இந்த எண்ணம் என் உள்ளத்தில் நச்சுப்போல் ஊறியது. எழுதவே கூசுகின்றது, ஆயினும் எழுதாக்கால் இக்கட்டுரைக்கே பொருளில்லை.

ஓரிரவு விடுதியறையில் அமர்ந்து, யானே ஒரு வாசகத்தைப் புனைந்தேன். ஸ்பாக் பேசும் நடையை யான் நன்கறிவேன்: உணர்ச்சியை மறுத்துத் தொடங்கி, மறுத்ததையே இறுதியில் ஒப்புக்கொள்ளும் நடை. ஆங்கிலத்தில் யான் கட்டியதன் பொருள் இது: இறந்தோரை எண்ணுதல் பயனற்றது, ஆயினும் அதனை நிறுத்தும் வழியை எம் உலகத்தாரும் கண்டிலர். அட்டையில் எழுதி அஞ்சலிற் சேர்த்தேன்.

இருவாரம் விடையில்லை. அதற்கு முன் அங்ஙனம் நேர்ந்ததே கிடையாது. பின்னர் வந்த அட்டையில், “ஸ்பாக். மக்காயிடம். கதை தெரியவில்லை. மிக நல்ல வாசகம், எப்படித் தவறவிட்டேன்?” என்றிருந்தது. எங்கள் பெட்டியில் இல்லாத கதைகளும் உண்டாதலின், அவற்றுள் ஒன்றாகிய 'தி எம்பத்' என்பதை விடையாக எழுதி, மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டிற் பார்த்ததாகவும் ஒரு பொய் சேர்த்தேன். கேட்டவர் கூறுவதே விடையாதலின், யாரிடம் என்பதையும் கிர்க்கிடம் என்று மாற்றினேன். ஸ்பாக் என்றதும் பிழை, உரைத்தவள் அக்கதையின் வேறொருத்தி என்று எழுதி மூன்றாவதையும் பறித்திருக்கலாம்; அத்துணைக்கு நெஞ்சு துணியவில்லை. எனவே அவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

1991-ஆம் ஆண்டு ஏப்ரலில் என் பெரியப்பா காலமானார். பந்தலுக்கடியில் மதியம் உறங்கியவர் எழுந்திலர். தேர்வின் நடுவே செய்தி வந்தது. யான் ஊர் சேரும்போது எரியூட்டு முடிந்திருந்தது. பேருந்து நிறுத்தத்திலிறங்கித் தலைநிமிர்ந்தேன். எதிர்ச்சுவரிலே கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. தலைப்பாகையோடு பெரியப்பாவின் படம். படத்துக்கு மேலே, வழக்கமாக அச்சகத்தார் இடும் இரங்கற்பாவிற்குப் பதிலாக, என் வாசகம் தமிழிலே நின்றது. அதன் கீழே ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில் 'ஸ்பாக்' என்ற பெயர். ஊரிற் பத்துச் சுவர்களில் அது இருந்தது. வீடு சேருமளவும் எத்திசை நோக்கினும் அஃதே.

எட்டாம் நாள் துக்கத்தில் வந்தோர் அப்பெயரைப் பற்றியே வினவினர். கிரேக்க ஞானி என்றார் ஒருவர். இராயப்பன்பட்டியிலிருந்து வந்திருந்த முதியவரோ, வேதக்காரர்களின் அர்ச்சிஷ்டவர் ஒருவராயிருக்கவேண்டும் என்றார். அது முற்றும் பிழையன்று என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். ஸ்பாக் வேடம் பூண்ட லெனார்டு நிமாய் யூத குலத்தவர். விரல்களை இரண்டிரண்டாய்ப் பிரித்துக் கையுயர்த்தி ஸ்பாக் வாழ்த்துங் குறி, பாஸ்டன் நகரத்து யூத ஆலயத்தில் தாம் சிறுவனாயிருந்தபோது ஆசாரியர்கள் ஆசி கூறக் கண்டதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆரோனின் மக்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஆசியே அது. நம் ஆலயங்களிலும் ஆராதனை முடிவிற் கூறப்படுவது.

அன்று உண்மையை உரைத்திருத்தல் வேண்டும். உரைத்திலேன். அண்ணன் மொட்டையடித்த தலையோடு வந்து என் தோளைப் பற்றி, “நீ அனுப்பிய வாசகந்தான் தம்பி எனக்கு வாயில் வந்தது. மற்றதெல்லாம் மறந்துபோயிற்று” என்றார். அந்நேரத்தில் யான் வேறென் செய்திருத்தல் கூடும் என்று நெடுநாள் என்னையே கேட்டு, எனக்கு உகந்த விடையையே சொல்லிவந்தேன்.

ஆண்டுகள் சென்றன. யான் வேலை நிமித்தம் வடக்கே போனேன். அஞ்சலட்டை நின்று, தொலைபேசி வந்தது. 2004-இல் மூன்று பருவங்களும் தட்டுகளாக வெளிவந்தன. சில ஆண்டு கழித்து, ஒரு போகம் நல்ல விலைக்குப் போன மகிழ்ச்சியில் அண்ணன் அவற்றைத் தருவித்தார். முதலிற் பார்த்தது 'தி எம்பத்'. வாசகம் அங்கில்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் நா வறண்டது. அவரோ, “தட்டிலே வெட்டிவிட்டார்கள் தம்பி. இந்தக் கதையைப் பிரிட்டனில் பி.பி.சி. நெடுங்காலம் காட்டவேயில்லையாம், கொடுமைக் காட்சி என்று. அதுபோல இங்கும் கைவைத்திருக்கிறார்கள். நீ பார்த்தது முழுப்படம்” என்றார். இருபது ஆண்டுக்கு அண்மையில் யான் காத்த பொய்க்கு அவரே ஆதாரந் தேடிக் கொடுத்தார். அதற்கும் யான் 'ஆம்' என்றேன். புனைந்ததினும் அந்த 'ஆம்' கொடிது.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் லெனார்டு நிமாய் காலமானார். மறுநாள் காலையில் அண்ணனின் அழைப்பு. குரல் தழுதழுத்தது. இறப்பதற்குச் சில நாள் முன்னர் நிமாய் வாழ்வைத் தோட்டத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தது அவரை மிகவும் உருக்கியிருந்தது. தோட்டக்காரருக்கு அது சொல்லவும் வேண்டுமோ! பின்னர், “பத்திரிகைக்கு ஓர் அஞ்சலிக் கடிதம் எழுதப்போகிறேன். அவர் சொன்னவற்றுள் அப்பாவின் சுவரொட்டியில் போட்டதுதான் தலை. அதைக் கொண்டே தொடங்குகிறேன். கதையின் பெயரை மட்டும் எழுத்துப்பிழையில்லாமல் சொல்லு” என்றார்.

வாழ்ந்து மறைந்த ஒருவர் தலையில், அவர் சொல்லாத சொல்லை ஊரறிய ஏற்றுதற்கு யான் துணைபோகவேண்டும். அதனினும், அண்ணனின் பெயர் அதன் கீழே அச்சாகும். “அண்ணே, அது அவர் சொன்னதன்று. நான் எழுதியது” என்றேன். கம்பியிலே ஓசையில்லை. எங்கோ மருந்தடிக்கும் பொறியின் இரைச்சல் மாத்திரம் கேட்டது. “எது?” என்றார். மீண்டும் சொன்னேன். அவர் அழைப்பைத் துண்டித்தார்.

இரண்டரைத் திங்கள் பேச்சில்லை. மே மாதத்தில் யான் ஊருக்குப் போனேன். அண்ணன் பந்தலுக்கடியிற் கவாத்துக் கத்தரியோடு நின்றார். 'வா' என்றார், அவ்வளவே. மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கேட்கவேண்டியதைக் கேட்டார். “சுவரொட்டி ஒட்டினபோது ஏன் சொல்லவில்லை?” அஞ்சினேன் என்றேன். “அது போகட்டும். தட்டு வாங்கிப் பார்த்துவிட்டு நான் உன்னிடம் பேசினேனே. அன்றைக்கு என்ன அச்சம்?” அதற்கு என்னிடம் விடையில்லை. நெடுநேரம் கழித்து, “79 கதையையும் மூன்று தடவை தேடினேன் தம்பி. தேடினதற்கு வருத்தமில்லை. உன்னைக் காப்பாற்ற நான் என்னென்ன காரணம் சொன்னேன், அதுதான் சிரிப்பாயிருக்கிறது” என்றார். அவர் சிரிக்கவில்லை.

உள்ளே சுவரிற் சட்டமிட்டு மாட்டியிருந்த அந்தச் சுவரொட்டியைக் கழற்றி, பெயரை மறைத்து வேறு ஒட்டித் தருவதாகச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா முறத்தை நிறுத்திக் கேட்டார்: “ஏன்யா, ஸ்பாக்கு என்பது உன் காலேஜு வாத்தியார் இல்லையா?” இல்லை பெரியம்மா, என்றேன். “இத்தனை நாளும் அப்படித்தானே எண்ணியிருந்தேன். மனிதர் இருக்கிறவரா?” இல்லை என்றேன். “அப்படியானால் யார் சொன்னது அது?” அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னது என்றேன். பெரியம்மா சற்றுநேரம் அந்தப் படத்தையே நோக்கியிருந்தார். “உன் பெரியப்பாவை எண்ணியா எழுதினாய்?” என்றார்.

எழுதும்போது பெரியப்பா உயிரோடிருந்தார் என்பதையும், இரண்டு புள்ளிக்காகவே எழுதினேன் என்பதையும் எங்ஙனம் சொல்வது? சொன்னேன். இம்முறை சொல்லாமலிருக்க இயலவில்லை. பெரியம்மா ஒன்றும் கூறாது மீண்டும் புடைக்கலானார். பின்பு, கழற்றவேண்டாம், சுவரிற் கறை தெரியும் என்றார்.

இரவு அண்ணன் அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துவந்தார். மயில்துத்தத்தின் நீலம் இன்னும் அதன் ஓரத்தில் இருந்தது. பின்பக்கத்தைத் திருப்பி, 1990-ஆம் ஆண்டின் இறுதி வரிசையிற் கண்ணாடியை இறக்கி விரலோட்டினார். என் பெயருக்கு நேரேயிருந்த இரண்டை அடித்தார். தம் பெயருக்கு நேரேயிருந்த ஒன்றையும் அடித்தார். “அது எதற்கு அண்ணே?” என்றேன்.

“ஸ்பாக் என்று நான் சொன்னதும் தப்புத்தானே” என்று கூறி, இரண்டுக்கும் எதிரே அன்றைய தேதியை இட்டுக் கையொப்பமும் செய்து, நோட்டை மூடினார்.